கர்ஸ்டி தாக்ரேயின் இரண்டாவது கடைசி ஆட்டம்

கர்ஸ்டி தாக்ரே ஓய்வு பெற்று மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆனால் அந்த ஓய்வைப் பற்றி அவள் பேசியதையெல்லாம் சேர்த்து வைத்தால் முப்பது வருஷத்துக்குத் தாங்கும்.

பேசாமல் எப்படி இருப்பாள்? ஹம்பர் ஹெரன்ஸ் பெண்கள் அணிக்குப் பத்து சீசன் ஆடியவள். ஹெரன் என்றால் நாரை. சட்டையில் நெஞ்சுக்கு நேராக ஒரு நாரை ஒற்றைக் காலில் நிற்கும். பத்து வருஷமாக அந்த நாரை எதற்குக் காத்திருந்ததோ தெரியாது, கோப்பை மட்டும் வரவில்லை. கர்ஸ்டி ஏழாவதாக இறங்குவாள், கொஞ்சம் சுழற்பந்து போடுவாள், நிறையப் பேசுவாள். சம்பளத்துக்கு ஆடும் ஆள் இல்லை. ஆடினால் அந்த நாளுக்கு உண்டானதைக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பல் மருத்துவமனையில் ஊரார் பல்லில் படிந்த கறையைச் சுரண்டும் வேலை.

அப்படிப்பட்டவள் தன் கடைசி ஆட்டத்தில், கடைசிப் பந்தில், ஐந்து ரன் தேவைப்பட்டபோது ஒரு சிக்ஸர் அடித்தாள். பந்து பெவிலியன் கூரையைத் தாண்டி அந்தப் பக்கத்து ஆட்டு மந்தைக்குள் விழுந்தது. இருநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். கேப்டன் ஹாரியட் பிளென்கின் அழுதாள். ஆடுகள் மட்டும் எதுவும் நடக்காதது போல மேய்ந்துகொண்டிருந்தன.

மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொருவரும் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும் கர்ஸ்டி ஆரம்பித்துவிடுவாள். "ஆறு பந்து, பதினாலு ரன் வேணும்னு வச்சுக்கங்க..." வாய்க்குள் கொக்கியும் உறிஞ்சு குழாயும் இருக்கும்போது யார் என்ன சொல்ல முடியும்? "ஆ" என்பார்கள். அதை அவள் வியப்பு என்று எடுத்துக்கொள்வாள். அவளுடைய கணவன் நீல் அந்த சிக்ஸரின் படத்தை இருபத்து நான்கு டீ கோப்பைகளில் அச்சடித்துவிட்டான். கீழே 'கடைசிப் பந்து, ஆறு' என்று தங்க எழுத்து.

ஆக, செப்டம்பர் ஞாயிறு காலை அவள் ஆல்டர்பி மைதானத்துக்கு வந்தபோது விளையாட வரவில்லை. பூப்போட்ட கவுனும் செருப்புமாக, கேக் போட்டிக்கு நடுவராக வந்தாள். நாரைகளுக்கு அன்று லீகின் கடைசி ஆட்டம். எதிரில் செவர்ன் ஆட்டர்ஸ், அதாவது நீர்நாய்கள். ஜெயிக்கிறவர்களுக்கு ஃபைனல்.

பதினோரு கேக்கில் நான்காவதை அவள் வாயில் வைத்திருந்தபோது மைக்கில் அணிப் பட்டியல் வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் பழக்க தோஷத்தில் கைதட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏழாம் எண், கர்ஸ்டி தாக்ரே."

அதற்கும் கைதட்டினாள். இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் கை நின்றது. எலுமிச்சை கேக் தொண்டையில் நின்றது.

பெவிலியனுக்குள் ஓடினால், ஹாரியட் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். உடம்பில் அணியின் கோட்டு. நாரைகளிடம் இருந்தது ஒரே ஒரு கோட்டு. டாஸ் போடும் ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் கேப்டன் அதைப் போட்டுக்கொள்வாள், மற்ற நேரம் அது கொக்கியில் தொங்கும். கேமரா வரும் ஆட்டங்களுக்கு மட்டும்தான் அந்த மரியாதையும். கடைசியாகக் கேமரா வந்தது மூன்று வாரத்துக்கு முன்னால், கர்ஸ்டியின் பிரியாவிடை ஆட்டத்துக்கு.

"என்னடி பண்ணித் தொலைச்ச?" என்றாள் கர்ஸ்டி.

"தாக்கர்ஸ், கத்தாத," என்றாள் ஹாரியட். அணிக்குள் கர்ஸ்டிக்கு அந்தப் பேர்தான். " புது லிஸ்ட்டு என் டிராக்சூட் பையில இருந்துச்சு. கோட்டு மாட்டுறதுக்கு டிராக்சூட்ட கழட்டிட்டேன். இந்தக் கோட்டுப் பையிலயும் ஒண்ணு இருந்துச்சு, மூணு வாரத்துக்கு முந்தினது. எடுத்து அம்பயர்கிட்ட நீட்டிட்டேன்."

"தேதிய பாக்கலயா?"

"தேதி போடுற கட்டத்த நான் எப்பவுமே நிரப்புறதில்லியே."

"நாசமாப் போச்சு. சரி, இப்ப போய் மாத்திட்டு வா."

"டாஸ் போட்டாச்சு. இனிமே மாத்தணும்னா எதிர் கேப்டன் சரின்னு சொல்லணும்."

"அவ சொல்ல மாட்டாளா?"

ஹாரியட் மேலே கூரையைப் பார்த்தாள்.

எதிர் கேப்டன் கேரிஸ் போவன் வெல்ஷ்காரி. குள்ளமான உருவம், எதையும் மறக்காத மண்டை. வாசலில் சாய்ந்து நின்று ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வயதான அம்பயர் கையைப் பிசைந்தபடி நின்றார்.

"மே மாசம் ஞாபகம் இருக்கா ஹாரியட்?" என்றாள் கேரிஸ். "டாஸ் முடிஞ்சு அஞ்சு நிமிஷத்துல எங்க பவுலருக்கு வாந்தி. பக்கெட்ட கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. ஒரு ஆள மாத்திக்கறேன்னு உன்கிட்ட வந்து கேட்டேன். நீ என்ன சொன்ன?"

"விதின்னா விதிதான்னு சொன்னேன்," என்றாள் ஹாரியட், தரையைப் பார்த்து.

"அப்புறம்?"

"பக்கெட்டோட ஆடச் சொல்லுன்னு சொன்னேன்."

"ஆங். விதின்னா விதிதான்மா." கேரிஸ் இன்னொரு கடி கடித்தாள்.

கர்ஸ்டி அம்பயரைப் பிடித்துக்கொண்டாள். "நான் ரிட்டயர் ஆயிட்டேங்க! எனக்குக் கேக்கெல்லாம் வெட்டினாங்க! நீங்களும்தான் ரெண்டு துண்டு சாப்பிட்டீங்க!"

"சாப்பிட்டேன்மா, நல்லா இருந்துச்சு," என்றார் அவர். "ஆனா உங்க பதிவு சீசன் முடியறவரைக்கும் செல்லும். நீங்க ஆடலன்னா அவங்க பத்து பேரோட ஆடணும்."

கர்ஸ்டி மனசுக்குள் கணக்குப் போட்டாள். பத்து பேரோடு ஆடினால் நாரைகள் தோற்பது நிச்சயம். தான் ஆடினால்? மூன்று வாரமாக மட்டையைத் தொடவில்லை. அந்த அழகான முடிவு, கூரையைத் தாண்டிய பந்து, எழுந்து நின்ற இருநூறு பேர், எல்லாவற்றுக்கும் மேலே இன்று ஒரு முட்டை வந்து உட்கார்ந்துகொள்ளும். இனி 'கடைசி ஆட்டம்' என்று சொன்னால் யாரும் அந்த ஆட்டத்தைச் சொல்ல மாட்டார்கள், இன்றைக்கு நடக்கப்போவதைத்தான் சொல்வார்கள்.

உடுப்பு மாற்றும் அறையில் அவளுக்காக ஒரு பதினெட்டு வயசுக் கோபம் காத்திருந்தது. எஸ்மி. நிஜப் பட்டியலில் இருந்த வேகப்பந்து வீச்சாளர். வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டத்துக்கு முந்தைய ராத்திரி தூங்காமல் வந்தவள், இப்போது தண்ணீர் பாட்டில் தூக்கும் வேலைக்கு இறங்கியிருந்தாள்.

"வாங்க ரிட்டயர்டு மேடம்," என்றாள். "இந்தாங்க என் ட்ரவுசர், இந்தாங்க என் ஷூ. கிட்னியும் வேணுமா, எடுத்துக்கறீங்களா?"

"நான் கேட்டாடி வந்தேன்? கேக்கு தின்ன வந்தேன்."

"அது தெரியுது. ட்ரவுசர் பட்டன மூடுங்க பாப்போம்."

பட்டன் மூடவில்லை. ஊக்கு ஒன்று தேடிக் குத்தினார்கள். எஸ்மி ஆறடி, கர்ஸ்டி ஐந்தடி இரண்டு அங்குலம். கால் பக்கத்தை நான்கு மடிப்பு மடித்துவிட்டார்கள்.

நீர்நாய்கள் முதலில் மட்டை பிடித்தார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பதே கர்ஸ்டிக்குச் செய்யும் உதவி. மூன்று ஓவர் போட்டாள், இருபத்தேழு ரன். ஒரு பந்து அவள் இரண்டு காலுக்கும் நடுவே நுழைந்து எல்லைக்கோட்டை நோக்கி நிம்மதியாக உருண்டது. குனிந்தவள் நிமிர்வதற்குள் கேரிஸ் மூன்று தடவை ஓடி முடித்து, "ஊக்கு பத்திரம்மா!" என்று கத்தினாள். வேலி ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவர்கள், ஒவ்வொரு தடவை பந்து அவளிடம் போனபோதும் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்கள். ஐம்பது ஓவரில் இருநூற்றிருபத்தொன்று. நாரைகளுக்கு இருநூற்றிருபத்திரண்டு வேண்டும்.

இடைவேளையில் கர்ஸ்டி கேப்டனை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஹாரியட், இந்தப் பாவத்துக்கு நீ ஒரு பரிகாரம் பண்ணணும். என்னை ஏழாவதா இறக்காத. கடைசில இறக்கு. முறை வரலன்னா இன்னும் நல்லது."

"பதினொண்ணாவது எடம் என்னோடது. அத விட்டுத்தர மாட்டேன்."

"அதுக்குமா போட்டி? உன்ன மாதிரி மோசமா மட்டை பிடிக்க யாரால முடியும்! சரி, பத்தாவது."

"பத்தாவது குடுத்தேன், போ."

அப்படித்தான் கர்ஸ்டி கால்களில் பேடு கட்டிக்கொண்டு, பெவிலியன் பெஞ்சில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து, மற்றவர்கள் நன்றாக ஆட வேண்டும் என்று இதுவரை யாரும் வேண்டாத அளவுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி அவுட் ஆனால் பெஞ்சு ஒரு சாண் நடுங்கும். பக்கத்தில் எஸ்மி பாட்டில்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "இன்னும் நாலு விக்கெட்டு... இன்னும் மூணு... வந்துட்டே இருக்கீங்க," என்று கணக்குச் சொன்னாள்.

எதிர்க்காற்றில் மற்றவர்கள் உதிர்ந்தாலும் சஃபியா மிர்சா மட்டும் நின்றாள். பிராட்ஃபோர்டு பெண், இருபது வயது, கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். அன்று பந்து அவளுக்குப் பூசணிக்காய் அளவில் தெரிந்திருக்க வேண்டும். கடைசி ஓவர் ஆரம்பித்தபோது எழுபத்தொன்பது ரன்னில் இருந்தாள். ஏழு விக்கெட் போயிருந்தது. ஏழு ரன் வேண்டும். பந்து போடுவது கேரிஸ்.

முதல் பந்தில் சஃபியா இரண்டு ஓடினாள். இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதைச் சந்தித்தது மறுமுனையில் நின்றவள், அவளுடைய நடு ஸ்டம்ப் பறந்தது.

"வாங்க," என்றாள் எஸ்மி. ஆனால் சிரிக்கவில்லை. கர்ஸ்டியின் கையில் கிளவுஸை அவளே மாட்டிவிட்டாள். "நாலு ரன்னு, மூணு பந்து. அவுட் ஆனாலும் பரவால்ல, அசிங்கமா மட்டும் அவுட் ஆகாதீங்க. அது என் ட்ரவுசரு."

கர்ஸ்டி படியிறங்கியதும் கூட்டம் எழுந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த அதே இருநூறு பேர்தான். "சிக்ஸர்! சிக்ஸர்!" என்று ஆரம்பித்தார்கள். நீல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான்.

நான்காவது பந்து. கர்ஸ்டி மட்டையை வீசினாள். பந்து எப்போது வந்தது, எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. கீப்பர் கையில் 'பொத்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் பந்து வந்து போய்விட்டது என்று தெரிந்தது.

நாலு ரன், இரண்டு பந்து.

கேரிஸ் இடுப்பில் கை வைத்து அவளை அளந்தாள். பிறகு கையைத் தட்டி, எல்லையில் நின்றவர்களையெல்லாம் உள்ளே வரச் சொன்னாள். கர்ஸ்டியைச் சுற்றி ஒன்பது பேர் வளையம் போட்டு நின்றார்கள். ஒற்றை ரன் திருட வழியில்லை. பின்னால் மைதானம் முழுக்கக் காலி.

"கதவத் திறந்து வச்சிருக்கேன்மா," என்றாள் கேரிஸ். "யாரும் இல்ல. தூக்கி ஒண்ணு விடு. அன்னைக்கு விட்ட மாதிரி. கோப்பைல படம் போட்டிருக்காங்களாமே?"

கூட்டம் இன்னும் கத்தியது. அந்தக் காலி மைதானத்தைப் பார்க்கப் பார்க்கக் கர்ஸ்டிக்கு வாயில் எச்சில் ஊறியது. ஒன்று பட்டுவிட்டால் போதும். முதல் கடைசி ஆட்டத்தில் ஒரு சிக்ஸர், இரண்டாவது கடைசி ஆட்டத்தில் ஒரு சிக்ஸர். ஊரே செத்தாலும் மறக்காது. பட்டுவிட்டால்.

அவள் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடு பிட்சுக்கு நடந்தாள். சஃபியா எதிரே வந்தாள்.

"பதட்டப்படாதீங்க தாக்கர்ஸ். அன்னைக்கு மாதிரியே பந்தப் பாத்து அடிங்க, போதும்."

"அன்னைக்கு நான் கண்ண மூடிட்டு அடிச்சேன்டி."

சஃபியா அவளையே பார்த்தாள். "என்னது?"

"சத்தியமா. ரெண்டு கண்ணும். கூட்டம் கைதட்டுறது கேட்டுத்தான் கண்ணத் தொறந்தேன். யார்கிட்டயும் சொல்லாத, நீலுக்கே தெரியாது. இப்ப நான் சொல்றதக் கேளு. அடுத்த பந்து அவ கைய விட்டதும் ஓடி வந்துரு. பந்து எங்க கெடந்தாலும் பாக்காத, நிக்காத. இந்தப் பக்கம் வந்து சேந்துரு."

"பந்து பக்கத்துலயே கெடந்தா? நீங்க அந்தப் பக்கம் போய்ச் சேர முடியாதே. ரன் அவுட் ஆயிடுவீங்க."

"ஆவேன். நம்ம ரெண்டு பேரும் நடுவுல தாண்டிட்டோம்னா கடைசிப் பந்து உனக்கு வரும். உனக்கு நாலு அடிக்கத் தெரியும். எனக்குக் கண்ண மூடத்தான் தெரியும்."

"முட்டையோட போவீங்களே தாக்கர்ஸ்," என்றாள் சஃபியா மெதுவாக. "கடைசி ஸ்கோர் முட்டையா இருக்கும்."

"கணக்குப் படிக்கிறவதானே நீ? எது நடக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு போட்டுப் பாரு."

சஃபியா ஒரு வினாடி போட்டுப் பார்த்தாள். விடை முகத்தில் தெரிந்தது. திரும்பி நடந்தாள்.

ஐந்தாவது பந்து. கேரிஸ் மெதுவாகத் தூக்கிப் போட்டாள், அடி அடி என்று கூப்பிடும் பந்து. கர்ஸ்டியின் தோள் இரண்டும் தன்பாட்டுக்கு மேலே எழுந்தன. பத்து வருஷத் தோள், அதற்கு என்ன தெரியும்? அவற்றை அவள் இழுத்துப் பிடித்தாள். கண்ணைப் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்து மட்டையில் படுவதை முழுசாகப் பார்த்தாள். பட்டது. 'டொக்' என்று செத்து, காலடியில் ஒரு முழ தூரத்தில் கிடந்தது.

ஓடினாள்.

கூட்டத்திலிருந்து 'அய்யய்யோ' என்று ஒரு சத்தம். நடுவில் சஃபியா அம்பு மாதிரி அவளைத் தாண்டிப் போனாள். கீப்பர் பாய்ந்து பந்தை எடுத்தாள். ஒரு பக்கம் பறந்து வருகிற இருபது வயசு, இன்னொரு பக்கம் ஊக்குக் குத்திய ட்ரவுசரில் உருண்டு போகிற முப்பத்தாறு. யாராக இருந்தாலும் அந்த உருளுவதைத்தான் குறி வைப்பார்கள். கீப்பரும் அந்தப் பக்கமே எறிந்தாள். கேரிஸ் பந்தைப் பிடித்து, அவசரமே இல்லாமல் ஸ்டம்பைத் தட்டிவிட்டாள். கர்ஸ்டிக்கு அப்போது இன்னும் இரண்டு கஜம் பாக்கி இருந்தது.

"டக் அவுட்டு!" என்று கேரிஸ் குதித்தாள். குதித்து இறங்கும்போதுதான் மறுமுனை அவள் கண்ணில் பட்டது. அங்கே சஃபியா கிளவுஸை இறுக்கிக்கொண்டு, அடுத்த பந்துக்குத் தயாராக நின்றாள். கேரிஸின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அடிப்பாவி," என்றாள் கர்ஸ்டியைப் பார்த்து.

கர்ஸ்டி முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கினாள்.

திரும்பி நடக்கும்போது யாரும் எழுந்திருக்கவில்லை. மடக்கு நாற்காலிக் கிழவர் ஒருவர் பக்கத்து ஆளிடம், "ரிட்டயர் ஆனதோட விட்டிருக்கலாம்ல. பாவம், ஓட முடியல பாரு," என்றார். தாழ்ந்த குரல் என்று அவருக்கு நினைப்பு. நீல் இரண்டு கையையும் கீழே போட்டிருந்தான். ஹாரியட் அவளைத் தாண்டி உள்ளே போகும்போது முகம் வெளுத்திருந்தது. "நான் ஒரு பந்தும் சந்திக்க வேணாம்ல?" என்றாள்.

"வேணாம்டி. சும்மா நில்லு. அது உனக்கு நல்லா வரும்."

பெஞ்சில் உட்கார்ந்தாள். எஸ்மி பாட்டிலை நீட்டாமல் வைத்துக்கொண்டே இருந்தாள். வெளியே கேரிஸ் ஒன்பது பேரையும் எல்லைக்கோட்டுக்கு விரட்டினாள். ஆறாவது பந்து விழுந்தது. சஃபியா ஒரு அடி முன்னால் வைத்து, இரண்டு பேருக்கு நடுவே, ஒரு மேஜை போடும் இடைவெளியில் அதைச் செலுத்தினாள். இரண்டு பேரும் பாய்ந்தார்கள். பந்து இருவர் விரலையும் தாண்டி வேலியில் போய் இடித்தது.

பிறகு என்ன, ஒரே கூத்துதான். எஸ்மி பாட்டிலையெல்லாம் வானத்தில் வீசிவிட்டு ஓடினாள். கூட்டம் உள்ளே புகுந்தது. சஃபியாவைத் தூக்கினார்கள். ஹாரியட்டையும் தூக்கினார்கள், அவள் எதுவும் செய்யாமல் நின்றதற்கு. கர்ஸ்டிக்கும் ஓட ஆசைதான், தொடை ஒத்துக்கொள்ளவில்லை.

நீல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தோளைத் தட்டினான். "பரவால்லம்மா. எல்லாருக்கும் நடக்கறதுதான். இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருந்தா..."

கர்ஸ்டி வாயைத் திறந்தாள். மூன்று வாரமாக ஓயாமல் ஓடிய வாய். சொல்ல ஆரம்பித்தால் பத்து நிமிஷத்துக்கு விஷயம் இருந்தது. ஏனோ சொல்லத் தோன்றவில்லை. "ஆமா," என்றாள். "கொஞ்சம் வேகமா ஓடியிருக்கலாம்."

கேரிஸ் கைகுலுக்க வந்தாள். குனிந்து, நீலுக்குக் கேட்காமல் கேட்டாள். "வேணும்னே ஓடினதானே?"

"யாரு, நானா? பதினோரு கேக்குல நாலு உள்ள கெடக்கு."

"பொய் சொல்லாத. இப்படின்னு தெரிஞ்சிருந்தா காலைல ஆள மாத்திக்கச் சொல்லியிருப்பேன்." கேரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்ததும் ஹாரியட் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே சஃபியா. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, சஃபியா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கண்ணை மூடிய கதையைச் சொன்னாளா என்று மட்டும் தெரியவில்லை.

"தாக்கர்ஸ்," என்றாள் ஹாரியட். "அடுத்த ஞாயிறு ஃபைனல். உன் பேர எழுதப்போறேன். இந்தத் தடவ தெரிஞ்சேதான் எழுதறேன். உன் கடைசி ஸ்கோர் முட்டையா நிக்கக் கூடாது. அது அநியாயம்டி."

எஸ்மி பின்னால் சிதறிய பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கிய கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

கர்ஸ்டி அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். ஃபைனல். கேமரா வரும், கூட்டம் வரும். ஒரு இருபது ரன் அடித்தாலும் போதும், முட்டை அழிந்துவிடும்.

"யாரோட எடத்துல எழுதுவ?" என்று கேட்டாள்.

ஹாரியட் பேனாவைத் திருகினாள்.

"எஸ்மின்னு எழுது. தேதியையும் போடு. என் முட்டைய யாரும் தொட வேணாம், நான் கண்ணத் தொறந்து வச்சு எடுத்தது அது."

எஸ்மி திரும்பினாள். நையாண்டிக்கு வாயெடுத்தவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழுவாத," என்றாள் கர்ஸ்டி. "நீயும் சஃபியாவும் ஆளுக்கொரு கையப் பிடிங்க. மூணு தடவ எந்திரிச்சுப் பாத்துட்டேன், தொடை அசைய மாட்டேங்குது."

இரண்டு பேரும் பிடித்து இழுத்தார்கள். முதல் இழுப்பில் வரவில்லை. நீலும் ஹாரியட்டும் பின்னால் நின்று தள்ளினார்கள்.